கேள்வி – பதில்: வகுப்புக்கு ஒரு வலைப்பூ

மாணவர் எழுத்துக்காக வகுப்பில் வலைப்பூ (இணையத்தில் பதிவு பதிவாக எழுதும் பக்கம்) நடத்துவது பற்றித் திருகோணமலை மாவட்ட ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவை இந்த இதழில்.

கேள்வி: தரம் 9 இல் 38 பிள்ளைகள். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் கணினிகள் 10. கிழமைக்கு ஒரு பாடவேளைதான் கிடைக்கும். இதற்குள் நடக்குமா?
– தமிழ் ஆசிரியை, உப்புவெளி

நடக்கும். 38 பேரும் ஒரே கிழமையில் எழுத வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வாசித்துத் திருத்த முடியாமல் ஆசிரியர் களைத்துப்போனால் வலைப்பூவும் அத்தோடு நின்றுவிடும்.

வகுப்பை நான்கு குழுவாக்குங்கள். ஒரு கிழமைக்கு ஒரு குழுவின் பதிவு மட்டும். 12 கிழமைத் தவணையில் ஒரு பிள்ளைக்கு மூன்று பதிவு வரும். ஒவ்வொன்றும் இரண்டு தடவை திருத்தப்பட்டால் மூன்றே தாராளம். வரைவு எப்போதும் கொப்பியில்தான். 40 நிமிடத்தில் முதல் 30 நிமிடம் அந்தக் கிழமைக் குழு தட்டச்சு செய்யட்டும். மற்றவர்கள் மூவர் மூவராக இருந்து, அடுத்த கிழமைக் குழுவின் கொப்பி வரைவை வாசித்து, ஓரத்தில் இரண்டு கேள்வி எழுதட்டும். கடைசிப் பத்து நிமிடம் கணினிக்கு மூன்று, நான்கு பேராக வந்து போன கிழமைப் பதிவுகளை வாசிக்கலாம்.

தட்டச்சுப் பழகாத பிள்ளைக்கு 150 சொல் அரை மணிக்குள் அடங்காது. முதல் தவணையில் 80 சொல்லோடு நிறுத்துங்கள். நீளத்தைக் கேட்டால் பிள்ளைகள் வெற்று வரிகளால் நிரப்பத் தொடங்குவார்கள்.

கேள்வி: எல்லாப் பின்னூட்டமும் ‘சூப்பர்’, ‘மிக நன்று’ என்றே வருகிறது. எழுதியவர் எதையும் திருத்துவதில்லை.
– ஆசிரியர், கிண்ணியா

வலைப்பூவின் பயன் முழுவதும் இந்த இடத்தில்தான் தங்கியிருக்கிறது. ஒருவர் வாசித்துக் கேள்வி கேட்கிறார், அதற்காக எழுதியவர் தன் வரியை மாற்றுகிறார். இது நடக்காவிட்டால் வலைப்பூ வெறும் காட்சிப் பலகைதான். சுவர்ப் பத்திரிகையே அதற்குப் போதும்.

பின்னூட்டம் எழுதுவதைத் தனியாகக் கற்பிக்க வேண்டும். மூன்று வரி கேளுங்கள். பதிவிலிருந்து ஒரு சொற்றொடரை அப்படியே எடுத்தெழுதுவது முதல் வரி. அதை வாசித்தபோது என்ன விளங்கியது, அல்லது எது விளங்கவில்லை என்பது இரண்டாவது. பதிவில் விடை இல்லாத ஒரு கேள்வி மூன்றாவது. ‘கடற்கரையில் மீன் ஏலம் விட்டார்கள்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், ‘ஏலம் கூறுபவர் யார்? விலை எங்கிருந்து தொடங்கும்? சூடையும் பாரையும் ஒரே குவியலிலா?’ என்று கேட்கலாம். இப்படிக் கேட்டால் அடுத்த வரைவில் விவரம் தானாக வந்து சேரும்.

முதல் இரண்டு கிழமையும் இதைக் கடதாசித் துண்டுகளில் பழக்குங்கள். பின் ஒரு விதி வையுங்கள்: பின்னூட்டம் கிடைத்து ஒரு கிழமைக்குள் எழுதியவர் குறைந்தது ஒரு பந்தியை மாற்றி, என்ன மாற்றினேன் என்று பதிவின் அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். புள்ளி கொடுப்பதானால் 20 இல் 10 ஐ இந்தத் திருத்தத்துக்கும் 5 ஐப் பின்னூட்டத்துக்கும் ஒதுக்குங்கள். எழுத்துப்பிழையைப் பின்னூட்டத்தில் ஊரறியச் சுட்டவே வேண்டாம். அது பதிவேறும் முன் கொப்பியில் முடிய வேண்டிய வேலை. ஒருமுறை எல்லோர் முன்னும் கூசிப்போன பிள்ளை, பிறகு தெரிந்த சொற்களை மட்டும் வைத்துப் பாதுகாப்பாக எழுதும்.

கேள்வி: கோணேசர் கோயில் பற்றி எழுதச் சொன்னேன். பாதிப்பேர் இணையத்தில் இருந்ததை ஒட்டிவிட்டார்கள்.
– ஆசிரியை, தம்பலகாமம்

பிள்ளைகளைவிடத் தலைப்பில்தான் குறை. கோணேசர் கோயில், பிரட்றிக் கோட்டை, இயற்கைத் துறைமுகம் பற்றியெல்லாம் ஆயத்தமான கட்டுரைகள் கிடக்கின்றன. விடை இணையத்தில் இல்லாத தலைப்பாகக் கொடுங்கள். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் வெப்பம் சற்றுச் சற்று மாறும். வெப்பமானியால் அளந்து ஓர் அட்டவணை போட்டு, எந்த வரிசையில் இருக்கிறது என்று எழுதலாம். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவில் மாரி மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீரின் நிறம் என்ன? உங்கள் ஊரிலேயே எருமைத் தயிர் உறைய வைப்பவரிடம் போய், பாலை எவ்வளவு சூட்டில் இறக்குவது, உறை எவ்வளவு, சட்டியை ஏன் மண்ணில் செய்கிறார்கள் என்று கேட்டு வரலாம். அளந்தது ஒன்று, ஒருவரிடம் கேட்டது ஒன்று, கண்ணால் பார்த்தது ஒன்று என மூன்றும் பதிவில் இருக்க வேண்டும் என்றால் ஒட்டுவதற்கு இடமே இராது.

கேள்வி: வேர்டில் தட்டச்சு செய்ததை வலைப்பூவில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறது.
– ஆசிரியர், மூதூர்

பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டும் எழுத்துரு. அது இல்லாத இடத்தில் அடியிலிருக்கும் ஆங்கில எழுத்து வெளிப்பட்டுவிடும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் இட்டு, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடாக்குங்கள். இடையில் ஆங்கிலச் சொற்களோ சில நிறுத்தக் குறிகளோ இருந்தால் அவையும் சேர்ந்து சிதையும், ஆகவே மாற்றியபின் ஒருமுறை முழுதாக வாசியுங்கள். இனிமேல் நேரே யூனிகோடில் அடிக்கப் பழக்குவதே நல்லது. கைத்தொலைபேசியில் தமிழ் விசைப்பலகை போதும்.

பிள்ளைகள் துணைக்காலுக்குப் (ா) பதில் ‘ர’ எழுத்தையும், ‘ஔ’ வுக்குப் பதில் ‘ஒள’ என்று இரண்டெழுத்தையும் அடிப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடும்போது அந்தச் சொல் அகப்படாது.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. அவள் எழுதுவதை யார் யாரோ வாசிப்பார்களே?
– ஒரு தாய், சாம்பல்தீவு

இந்தக் கவலை நியாயமானது. 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கூகுள் கணக்கைத் தானாகத் திறக்க முடியாது. ஆசிரியர் வகுப்புக்கென்று ஒரு கணக்குத் திறந்து, தாமே பதிவேற்ற வேண்டும். கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாக்கரில் வாசகர்களை அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கலாம். ஆனால் அழைக்கப்படும் ஒவ்வொரு பெற்றோரும் கூகுள் கணக்கில் நுழைந்துதான் வாசிக்க வேண்டியிருக்கும். அது சிரமமானால், தேடுபொறிக்குக் காட்டாதே என்ற அமைப்பை இட்டு இணைப்பை வகுப்புக்குள் மட்டும் பகிரலாம். இணைப்பு கைமாறினால் வெளியாரும் வாசிப்பார்கள் என்பதை நினைவில் வைத்து எழுத வேண்டும். ஆசிரியர் பார்த்த பின்பே பின்னூட்டம் தோன்றும்படி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

முழுப்பெயர், பாடசாலைச் சின்னம் தெரியும் படம், வீட்டுக்குப் போகும் வழி எதுவும் பதிவில் வேண்டாம். புனைபெயர் போதும். படம் எடுக்கும் கமராவில் இடக் குறிப்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையின் பதிவையும் ஏற்றக் கூடாது.

கேள்வி: பிளாக்கரா, வேர்ட்பிரஸ்ஸா?
– ஆசிரியர், நிலாவெளி

ஆசிரியரே ஏற்றுவதானால் பிளாக்கர் எளிது. பிள்ளைகள் தாமே ஏற்றும் உயர்தர வகுப்புக்கு வேர்ட்பிரஸ் என்ற மற்ற வலைப்பூத் தளம். அதில் பங்களிப்பாளர் என்ற நிலையில் சேர்க்கப்பட்டவர் எழுதலாம், வெளியிட முடியாது. அந்த வேலை உங்கள் கையில் இருக்கும். பங்களிப்பாளரால் படமேற்றவும் முடியாது, படத்தை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பிளாக்கரில் எழுத்தாளராகச் சேர்ந்தவர் நேரே வெளியிட்டுவிடலாம்.

கேள்வி: முன்பிருந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். கடவுச்சொல் அவரிடம்.
– அதிபர், ஈச்சிலம்பற்று

அவரைத் தொடர்புகொண்டு பிளாக்கர் அமைப்புகளில் உங்களுக்கும் இன்னோர் ஆசிரியருக்கும் அழைப்பு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் ஏற்றதும் அவர் உங்களை நிர்வாகி நிலைக்கு உயர்த்த வேண்டும். வெறுமனே சேர்த்தால் எழுத்தாளர் நிலைதான் கிடைக்கும். எப்போதும் இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும். ஒவ்வொரு தவணை முடிவிலும் காப்புப் பிரதி இறக்கி வையுங்கள். அந்தக் கோப்பில் பதிவும் பின்னூட்டமும் வரும், படங்கள் வராது. படங்களை வேறாக ஒரு பென்டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள்.