எம்.ஆர்க்குக்கு மேக்புக்கா, விண்டோஸா?

தம்பி, தங்கச்சிமடத்திலிருந்து சென்னைக்கு எம்.ஆர்க் (கட்டடக்கலை முதுகலை) படிக்கப் போகிறேன், கையில் ஒரு லட்சம் இருக்கிறது, மேக்புக் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், விண்டோஸ் லேப்டாப்பே வாங்கு. கட்டடம் வரையும் மென்பொருள்களில் ஆட்டோகேட், ரைனோ, ஸ்கெட்ச்அப் எல்லாம் மேக்கில் ஓடும், ஆனால் ரெவிட்டும் 3டிஎஸ் மேக்ஸும் விண்டோஸுக்கு மட்டும்தான், குழுவாகச் செய்யும் வேலையில் கூட இருப்பவர்கள் ரெவிட் ஃபைல் அனுப்பும்போது உன்னால் திறக்க முடியாமல் போனால் ரொம்பக் கஷ்டம்.

காசை முதலில் கிராபிக்ஸ் கார்டில் போடு. வரைந்த கட்டடத்தை நிஜம்போலப் படமாக்கும், அதாவது ரெண்டர் போடும் லூமியான், என்ஸ்கேப் போன்றவை அதை நம்பித்தான் ஓடுகின்றன, லேப்டாப்பில் அதைப் பிறகு மாற்றவும் முடியாது. ஆர்டிஎக்ஸ் 4050 கார்டில் 6 ஜிபி நினைவகம், 4060இல் 8 ஜிபி. முடிந்தால் 8 ஜிபியே எடு. ரேம் இப்போதைக்கு 16 போதும், ஆனால் 32 ஆக்க இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. இப்படிப்பட்டவை பெரும்பாலும் கேமிங் லேப்டாப் என்ற பெயரில்தான் வரும், அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

ஆட்டோகேட், ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் மூன்றுக்கும் செலவே இல்லை. அவற்றைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது, வருடா வருடம் புதுப்பித்தால் சரி.

அப்புறம், லீவுக்கு ஊருக்கு வரும்போது கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்து ரெண்டர் போடாதே. விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுத்து போர்டை அரித்துவிடும். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு அலையாமல் வீட்டுக்கே வந்து சரிசெய்யும் வாரண்டியாகப் பார்த்து எடு.