கிட்டோடு வந்த பாக்கெட்

அன்புள்ள அண்ணா,

உங்கள் மியூனிக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். போன வருடம் அங்கே வந்திருந்தபோது குடித்த கோதுமை பீரின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. வாழைப்பழமும் கிராம்பும் கலந்த ஒரு வாசனை. மெல்பர்ன் திரும்பியதும் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தேன். இதுவரை நான்கு முறை ஆயிற்று. முதலில் ஆஸ்திரேலிய கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) வாங்கினேன், அப்புறம் ஜெர்மன் மால்ட். கோதுமையின் பங்கை 40 சதவீதத்திலிருந்து 70 வரை ஏற்றினேன். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவை மாற்றினேன். தண்ணீரைக்கூட வடிகட்டினேன். நொதிக்க வைக்கும் ஈஸ்ட் மட்டும் வீட்டில் பீர் செய்ய வாங்கிய கிட்டோடு வந்த பாக்கெட்தான். குடிக்க நன்றாகத்தான் இருக்கிறது, அந்த வாசனை மட்டும் வரவில்லை. எந்தக் கோதுமையை வாங்க வேண்டும்? இந்தியக் கடை ஆட்டா மாவைச் சேர்க்கலாமா? பெல்ஜியத்தில் மல்லி விதை போடுவார்களாமே, நம்ம மல்லி சரிப்படுமா?

பெயரைப் போட வேண்டாம். அம்மாவும் உங்கள் தளத்தைப் படிக்கிறார். அடுத்த மாதம் இங்கே வருகிறார்.

ஒரு வாசகர், மெல்பர்ன்

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்று எழுத வந்தேன். எப்படிச் சொல்வீர்கள்? சரி, விடுங்கள்.

மால்ட், ஹாப்ஸ், தண்ணீர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள். மாற்றாதது ஒன்றே ஒன்று, கிட்டோடு வந்த அந்த பாக்கெட். நீங்கள் தேடும் வாழைப்பழமும் கிராம்பும் கோதுமையில் இல்லை, ஈஸ்ட்டில் இருக்கின்றன.

இதற்காக வருத்தப்பட வேண்டாம், உங்களுக்குப் பெரிய துணை உண்டு. 1516 ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஸ்டட் நகரில் பவேரியப் (மியூனிக் இருக்கும் ஜெர்மன் மாநிலம்) பிரபுக்கள் பீருக்கு ஒரு சட்டம் போட்டார்கள். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. அந்தப் பட்டியலிலும் ஈஸ்ட் கிடையாது. தொட்டியின் அடியில் தங்கும் வண்டலை அடுத்த தொட்டிக்கு எடுத்துப் போட அவர்களுக்குத் தெரியும், அதை ஒரு சாமானாக எண்ணவில்லை, அவ்வளவுதான். பட்டியலில் கோதுமையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் டேகன்பெர்க் என்ற குடும்பத்துக்கு மட்டும் கோதுமை பீர் செய்யத் தனி உரிமை இருந்தது. 1602-ல் அந்த வம்சம் வாரிசில்லாமல் முடிந்ததும் பிரபு முதலாம் மாக்சிமிலியன் உரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்து கோதுமை பீரால் கஜானாவை நிரப்பினார். ஊருக்கு ஒரு சட்டம், அரண்மனைக்கு வேறொன்று. 1872-ல்தான் கியோர்க் ஷ்னைடர் என்ற மதுவடிப்பாளர் அந்த உரிமையை அரசரிடமிருந்து பெற்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். வாழைப்பழ வாசனைக்குக் காரணம் ஐசோஅமைல் அசிடேட். நாம் சின்ன வயதில் தின்ற மஞ்சள் மிட்டாயில் செயற்கையாகச் சேர்ப்பார்களே, அதேதான். பவேரிய கோதுமை பீர் ஈஸ்ட் இதை நொதிக்கும்போது தாராளமாக உண்டாக்கும். கிராம்பின் கதை கொஞ்சம் சுற்றி வருகிறது. தானியத்தின் செல் சுவரில் ஃபெருலிக் அமிலம் இருக்கிறது. அதிலிருந்து கரியமில வாயுவைக் கழற்றிவிட்டால் 4-வினைல் குவையகால் என்ற பொருள் மிஞ்சும், கிராம்பு மணப்பது அதுதான். கழற்றும் திறமை எல்லா ஈஸ்ட்டுக்கும் கிடையாது. மற்ற பீர்களில் இந்த மணம் கெட்டுப்போனதன் அடையாளம் என்பதால், மனிதர்கள் பல நூறு ஆண்டுகள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் ஏல் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவை அந்தத் திறமையை இழந்துவிட்டன. கிட் பாக்கெட்டில் பொதுவாக இப்படிப்பட்ட சாதுவான ஈஸ்ட்தான் வரும். அதை வைத்துக்கொண்டு நூறு சதவீதம் கோதுமை போட்டாலும் கிராம்பு வராது.

மியூனிக் பக்கத்தில் ஃப்ரைசிங்கில் இருக்கும் வைஹன்ஸ்டெஃபான் ஈஸ்ட் வங்கியில் 68 என்ற எண்ணுள்ள ரகம் இந்த பீருக்குப் பேர்போனது. வீட்டில் செய்பவர்களுக்கு வயீஸ்ட் 3068, ஒயிட் லேப்ஸ் 300 என்ற பெயர்களில் திரவமாகவும், லாலமண்டின் மியூனிக் கிளாசிக் என்று உலர்ந்த பாக்கெட்டாகவும் இந்த வகை ஈஸ்ட் கிடைக்கும். முதலில் இதில் ஒன்றை வாங்குங்கள். மற்றதெல்லாம் பிறகு.

வாங்கினால் மட்டும் போதாது, நொதிக்கும்போது சூட்டையும் கவனிக்க வேண்டும். 17, 18 டிகிரியில் ஆரம்பித்து மெல்ல 20-க்கு விடுங்கள். சூடு கூடினால் வாழைப்பழம் தூக்கலாகும், ஒரேயடியாகக் கூடினால் நெயில் பாலிஷ்போல அடிக்கும். உங்கள் ஊர் ஜனவரியில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று இல்லாமல் இது நடக்காது. கிராம்பு தூக்கலாக வேண்டுமென்றால் மாஷை, அதாவது வெந்நீரில் ஊறும் மால்ட்டை, (‘ஊறல்’ என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நம்மூரில் அந்தச் சொல்லோடு போலீஸும் சேர்ந்து வந்துவிடுகிறது) முதலில் 44 டிகிரியில் ஒரு கால் மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு 66-க்கு ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில்தான் ஃபெருலிக் அமிலம் கழன்று வரும்.

அப்படியானால் கோதுமைக்கு என்ன வேலை? நுரை, கலங்கல், வாயில் மெத்தென்று இறங்கும் தன்மை. எல்லாம் அதன் புரதம் செய்வது. ஜெர்மனியில் கோதுமை பீர் என்று விற்க வேண்டுமானால் மால்ட்டில் பாதியாவது கோதுமையாக இருக்க வேண்டும். 20 லிட்டருக்கு நான் 2.5 கிலோ கோதுமை மால்ட், 2 கிலோ பில்ஸ்னர் என்ற வெளிறிய பார்லி மால்ட் எடுக்கிறேன். எந்த நாட்டு மால்ட் என்பதில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை, புதிதாக இருந்தால் சரி. ஹாப்ஸில் ஹாலர்டாவ் என்ற ஜெர்மன் ரகம் 25 கிராம், மாஷிலிருந்து வடித்த சாறு கொதிக்க ஆரம்பிக்கும்போது ஒரே தடவை. இந்த பீரில் ஹாப்ஸ் பேசக் கூடாது. மெல்பர்ன் தண்ணீர் மென்மையானது, குளோரின் வாடை போனால் போதும்.

ஆட்டா பற்றி. வேண்டாம். நானும் இதே யோசனையில் ஒரு தடவை ஒன்றரை கிலோ சப்பாத்தி மாவைப் போட்டேன். இரண்டு மணி நேரம் மாஷ் பாத்திரத்தின் குழாயிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. மனைவி திருநெல்வேலிக்காரி. எட்டிப் பார்த்து, “பதம் வந்துட்டு, நெய் ஊத்தவா?” என்றாள். நியாயமான கேள்வி, நான் கிண்டிக்கொண்டிருந்தது அல்வாதான். பார்லி மணியின் உமி அதோடு ஒட்டியே இருக்கும், மாஷை வடிக்கும்போது அதுவே சல்லடை. கோதுமை உமி கதிரடிக்கும்போதே போய்விடுகிறது. அதனால் கோதுமை மால்ட்டிலேயே அடைப்பு வரும், மாவு என்றால் கேட்கவே வேண்டாம். மருந்து நெல் உமி. நம்மூர் ரைஸ்மில் வாசலில் குவிந்து கிடப்பதை இங்கே கழுவி, பாக்கெட் போட்டு விற்கிறார்கள். முதன்முதலில் காசு கொடுத்து உமி வாங்கிய அன்று யாரிடமும் சொல்லவில்லை. 20 லிட்டருக்கு இரண்டு கைப்பிடி போதும்.

முளைகட்டாத கோதுமைதான் வேண்டுமென்றால் பெல்ஜியப் பக்கம் போங்கள். அங்கே கிட்டத்தட்டப் பாதி பச்சைக் கோதுமை, பாதி பார்லி மால்ட். கோதுமையின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளை அந்த மால்ட் கொடுத்துவிடும். கடையில் விற்கும் பெருமணிக் கோதுமை ரவை இதற்கு ஒத்துவரும், உமியை மறக்காதீர்கள். ஹூகார்டன் என்ற ஊரில் இந்த பீர் செய்த கடைசி ஆலை 1950-களில் மூடிவிட்டது. 1960-களின் நடுவில் அதை உயிர்ப்பித்தவர் பால்காரராக இருந்த பியேர் செலிஸ். (ஆமாம், பெயரே அதுதான்.) ஆரஞ்சுத் தோலும் மல்லியும் இதற்குத்தான், பவேரிய பீரில் போட்டுவிடாதீர்கள்.

நம்ம மல்லி சரிப்படுமா என்று கேட்டீர்கள். அதுதான் நல்லது. சூப்பர் மார்க்கெட்டுகளில் பெரும்பாலும் கிடைப்பது உருண்டையான மொராக்கோ வகை. இந்தியக் கடையில் கிடைக்கும் வெளிறிய, நீள்வட்ட மல்லியில் எலுமிச்சை வாசம் கூடுதல் என்று வெள்ளைக்காரர்களே தேடி வாங்குகிறார்கள். 15 கிராம் எடுத்து ஒன்றிரண்டாக இடித்து, கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது போடுங்கள். வறுக்காதீர்கள்! நம் கை தானாக வாணலியைத் தேடும். நான் வறுத்த தடவை 20 லிட்டர் ரசம் கிடைத்தது.

இன்னொன்று. சென்னையிலிருந்தும் சிலர் இதையே கேட்டு எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் நீங்கள் குடிக்கச் செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் செய்வது குற்றம். அவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான்.

கடைசியாக பாட்டில். கோதுமை பீருக்கு வாயு அதிகம் வேண்டும் என்று சர்க்கரையை அள்ளிப் போடத் தோன்றும். நொதித்தல் முழுக்க முடிந்ததா என்று அளந்து பார்த்துவிட்டு லிட்டருக்கு 7 கிராமோடு நிறுத்துங்கள். கனமான பாட்டில்களில் மட்டும் அடையுங்கள். முக்கியமாக, விருந்தினர் அறைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். ராத்திரி ஒன்று வெடித்தால், பெயரைப் போடாமல் நான் காப்பாற்றிய ரகசியம் அம்மாவுக்கு அங்கேயே தெரிந்துவிடும்.