தூக்கத்தில் ஓடும் எலி

கேள்வி: இரவெல்லாம் கண்விழித்துப் படிப்பதைவிட, படித்ததும் தூங்கிவிட்டால் பாடம் மனதில் நன்றாகத் தங்கும் என்கிறார்களே, தூங்கும்போது மூளைச் செல்கள் அப்படி என்ன வேலை செய்கின்றன?

பதில்: இதற்குத் தெளிவான விடை எலிகளிடமிருந்துதான் கிடைத்திருக்கிறது. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் மும்முரமாகத் துடிக்கும், அதாவது மின்துடிப்புகளை எழுப்பும், நியூரான்கள் என்னும் நரம்புச் செல்கள் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இருப்பதாக, லண்டனில் ஆய்வு செய்த ஜான் ஓ’கீஃப்பும் ஜோனதன் டாஸ்ட்ரோவ்ஸ்கியும் 1971இல் அறிவித்தார்கள். இவற்றை இடச்செல்கள் என்கிறோம்.

எந்தச் செல் துடிக்கிறது என்பதோடு, எப்போது துடிக்கிறது என்பதிலும் செய்தி இருக்கிறது. எலி ஓடும்போது ஹிப்போகாம்பஸில் நொடிக்கு ஏறத்தாழ 8 முறை எழுந்தடங்கும் தீட்டா என்னும் மின் அலை நிலவும். ஓர் இடச்செல்லுக்கு உரிய பரப்பில் எலி நுழைந்ததும் அச்செல் அலையின் பிற்பகுதியில் துடிக்கிறது. எலி முன்னேற முன்னேற, அலைக்கு அலை சற்று முந்தித் துடிக்கிறது. ஓ’கீஃப்பும் மைக்கேல் ரெக்கேயும் 1993இல் விவரித்த இந்த நகர்வின் விளைவாக, கடந்த இடம், இருக்கும் இடம், அடுத்து வரும் இடம் ஆகியவற்றின் செல்கள் ஒரே அலைக்குள் அதே வரிசையில் துடித்துவிடுகின்றன. ஒரு நியூரானை அடுத்துச் சில மில்லிநொடிகளில் இன்னொன்று துடிக்கும்போதே இணைப்பு வலுப்பட ஏதுவாகிறது என்பதால், நொடிக்கணக்கில் நீளும் ஓட்டத்தை அலை இப்படிச் சுருக்கித் தருவது நினைவுக்குப் பேருதவி.

எலி உறங்கிய பின் ஹிப்போகாம்பஸில் நொடிக்கு 150 முதல் 250 வரை அதிரும் சிற்றலைகள் விட்டுவிட்டு எழுகின்றன; ஒவ்வொன்றும் பத்தில் ஒரு நொடி அளவுக்கே நீடிக்கும். ஓடியபோது துடித்த செல்கள், பெரும்பாலும் இச்சிற்றலைகளின்போது, பன்மடங்கு வேகத்தில் மீண்டும் அதே வரிசையில் துடிக்கின்றன.

இது வெறும் எதிரொலியாக இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. அதைச் சோதித்த பாரிஸ் ஆய்வாளர்கள், எட்டுக் கிளைப் பாதையில் இரை உள்ள மூன்று கிளைகளை எலிகளுக்குப் பழக்கி, பயிற்சிக்குப் பின் அவை உறங்கும்போது சிற்றலை எழுந்த கணமே மெல்லிய மின்தூண்டலால் அதைக் கலைத்தார்கள். வேறு சில எலிகளுக்கு அதே தூண்டலைச் சிற்றலை இல்லாத நேரத்தில் கொடுத்தார்கள். தூக்கம் இரு சாராருக்கும் வாய்த்தது; ஆனால், சிற்றலையை இழந்தவை பாதையைக் கற்பதில் பின்தங்கின. 2009இல் வெளியான இந்த முடிவே, என் பார்வையில், உங்கள் கேள்விக்கான வலுவான சான்று.

வலிப்புச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டவர்களிடமும் சிற்றலைகள் பதிவாகியுள்ளன. தேர்வுக்கு முந்தைய இரவு தூங்குவது நல்லதுதான். படிக்காத பாடத்தை மட்டும் எந்த அலையாலும் மீட்டித் தர முடியாது.