இரண்டு பேருக்கு எதற்குச் சாய்தளம்?

கேள்வி: எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குச் சாய்தளம் கட்ட வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஊரில் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஊராட்சிச் செயலர் அவர்கள் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கி வந்தால் வேலை முடிந்தது. இதற்கு ஊர்ப் பணத்தைச் செலவழிப்பதுதான் சமத்துவமா?
(காரைக்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டு பேர் என்று எதை வைத்து எண்ணினீர்கள்? அலுவலகத்துக்கு வந்து போகிறவர்களை எண்ணியிருந்தால் அந்த இரண்டு பேர்கூடத் தேறியிருக்க மாட்டார்கள். படியேற முடியாதவர் எப்படி வருவார்?

ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு அந்தப் படிக்கு எதிரே நின்று பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரிய வீட்டில் வயதானவர்கள் தனியாக இருப்பது நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு. கீழ்ப்படியில் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, “தம்பி, இதை உள்ளே குடுத்து ரசீது வாங்கிட்டு வாப்பா” என்று போகிறவர் வருகிறவரிடம் வீட்டு வரிப் பணத்தை நீட்டும் ஆச்சி ஒருவர் கண்ணில் படுவார். அவர் உங்கள் இரண்டு பேரில் இல்லை. நிறைமாதக்காரியும், காலில் மாவுக்கட்டுப் போட்டவரும், பக்கவாதத்திலிருந்து தேறி ஊன்றுகோலோடு நடப்பவரும் அதில் இல்லை.

செயலர் வீட்டுக்குப் போவது நல்ல ஏற்பாடுதான். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் அதைச் சாய்தளத்துக்கு மாற்றாக வைக்காதீர்கள். ஊரக வேலைத் திட்ட அட்டையில் நாளைக் குறைத்து எழுதிவிட்டார்கள் என்று செயலர்மீதே புகார் சொல்ல வேண்டியவர், தன் வீட்டுத் திண்ணையில் அவரையே உட்கார வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வார்? வீட்டு வரியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்கும் பெண், அதை மறுக்கும் அண்ணன் தம்பிகள் சுற்றி நிற்கும்போது வாய் திறப்பாரா? அலுவலகத்துக்குத் தானாக வந்து, பதிவேட்டைத் தானே பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போவதும் சேவையில் சேர்த்திதான்.

சட்டம் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 45-ஆவது பிரிவில், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையெல்லாம் விதிகள் வெளியான ஐந்தாண்டுக்குள் எல்லாரும் புழங்கும்படி மாற்றச் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதுரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இதற்கான தரங்களை வெறும் பரிந்துரை போல விட்டுவைத்திருந்த 15-ஆவது விதி சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க உத்தரவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை. 2025 ஏப்ரலில் நம் சட்டப்பேரவை, மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்கச் சட்டத் திருத்தமும் நிறைவேற்றியது. அப்படி ஒருவர் உங்கள் ஊராட்சிக்கு வந்தால் அவரையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவீர்களா?

பணம் வீணாகும் என்ற உங்கள் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. தப்பாகக் கட்டிய சாய்தளம் உண்மையிலேயே வீண்தான். அதனால் அளவுகளைச் சொல்கிறேன், ஒப்பந்தக்காரரிடம் வைத்துப் பேசுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இதற்கு மேல் செங்குத்தாகப் போகக் கூடாது. நாலு படி என்றால் ஏறக்குறைய 60 செ.மீ., ஆக 7.2 மீட்டர் ஓட்டம் வேண்டும். முன்வாசலில் அவ்வளவு இடம் இல்லை என்று மூன்று மீட்டரில் முடித்துவிடுகிறார்கள். அதில் ஏற இரண்டு பேர் தள்ள வேண்டும், இறங்கும்போது நாற்காலி ஆளோடு குப்புற விழும். இடம் குறைவானால் 3.6 மீட்டர் வீதம் இரண்டாக மடித்துவிடுங்கள். மடியும் இடத்திலும் மேலும் கீழும் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சமதளம் தேவை. அகலம் எப்படியும் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஒன்றரை வைத்தால் நல்லது. உள்ளே நிரப்பக் கிராவல் மண் போதும். அதைத் தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் மழைக்கே தளம் அமுங்கி, வாசல் சேரும் இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு விளிம்பு எழும்பும். சக்கரம் அங்கேதான் முட்டி நிற்கும்.

மேலே ஆத்தங்குடி கல் பதிக்க யாராவது ஆசைப்படுவார்கள். வேண்டாம். கண்ணாடித் தட்டின்மேல் வார்ப்பதால் வரும் அந்த மினுமினுப்பு முகப்புக்கு அழகு, ஈரச் சாய்வில் வழுக்கல். சிமெண்டுத் தளத்தில் குறுக்கே வரி இழுத்தாலே போதும். இருபுறமும் 76 செ.மீ., 90 செ.மீ. என இரண்டு உயரத்தில் கைப்பிடிக் கம்பி, சக்கரம் வெளியே நழுவாமல் ஓரத்தில் சிறு வரம்பு, 90 செ.மீ. திறப்புள்ள கதவு. நிலைப்படி தூக்கலாக இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டுக் கழிப்பறையில் பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் விளக்குமாற்றையும் அடுக்கிப் பூட்டிவிடுகிற பழக்கம் வேறு இருக்கிறது!

முக்கியமாக, அதை முன்வாசலில் கட்டுங்கள். பின்பக்கம் இடம் தாராளமாக இருக்கிறதே என்பார்கள். யார் முகப்பு வழியாக வரலாம், யார் கொல்லைப்புறமாக வர வேண்டும் என்கிற கணக்கு நம் பக்கத்துக்குப் புதிதல்ல. அரசாங்கக் கட்டடத்தில் அதை மறுபடி எழுத வேண்டாம்.

இதே கண்ணோடு கிராம சபையையும் பாருங்கள். மதச்சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது என்று அரசு ஒவ்வொரு முறையும் சொல்கிறது. கோயில் மண்டபத்தில் கூட்டினால் எந்தத் தெருக்காரர் ஓரமாக நிற்பார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். குக்கிராமங்களில் சுழற்சி முறையில் கூட்டுங்கள். அறிவிப்பைப் பலகையில் எழுதினால் பார்வையற்றவருக்குத் தெரியாது, ஒலிபெருக்கியில் மட்டும் சொன்னால் காது கேளாதவருக்குத் தெரியாது, இரண்டும் வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை எதிர்க்க எழுந்திருக்காதீர்கள். அதில் மூன்று வரி சேர்க்கச் சொல்லி எழுந்திருங்கள்: சாய்வு 1:12, கட்டி முடித்ததும் அந்த இரண்டு பேரும் தாங்களே ஏறி இறங்கிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பில் பாஸாக வேண்டும், கீழ்ச் சமதளத்தில் மோட்டார் சைக்கிள் நிற்காமல் பார்த்துக்கொள்வது இன்னாருடைய பொறுப்பு என்று பதவியைக் குறிப்பிட்டு எழுத வேண்டும்.