கால் மரத்துப்போனதற்கு நரம்பு டாக்டர் ஏன் நாக்கை நீட்டச் சொல்கிறார்?

கேள்வி: கால் மரத்துப்போகிறது என்று நரம்பு டாக்டரிடம் போனேன். புருவத்தைத் தூக்குங்க, நாக்கை நீட்டுங்க, குதிகாலில் நடங்க என்று ஒரே வேடிக்கை. நேராக ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

நான் டாக்டர் இல்லை, சைதாப்பேட்டை பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கேள்வியை வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள், அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு குழப்பம். நம்ம ஊரில் நரம்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் கணக்கில்லை. ஊசி போட வரும் சிஸ்டர் "நரம்பே கிடைக்கலைம்மா" என்பார், அது ரத்தக்குழாய். காலில் நீலமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும் நரம்பு சுருட்டலும் ரத்தக்குழாய்தான். உங்கள் டாக்டர் தேடியது வேற. அது உள்ளே ஓடுகிற வெள்ளை நூல், ரத்தம் ஓடாது, சேதி மட்டும் ஓடும்.

மூளையிலிருந்து நேராகக் கிளம்புபவை 12 ஜோடி, இவை மண்டை நரம்புகள். தண்டுவடத்திலிருந்து கிளம்புபவை 31 ஜோடி: கழுத்தில் 8, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திரிகப் பகுதியில் 5, வால் எலும்புக்கு 1. கழுத்தெலும்பு 7தானே, நரம்பு மட்டும் எப்படி 8 என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டார்கள், நான் முழித்தேன். முதல் ஏழும் அதே எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளியே வரும், எட்டாவது ஏழாம் எலும்புக்குக் கீழே நுழைந்து வரும், அப்புறம் வருகிற எல்லாமே தன் எலும்புக்குக் கீழேதான். ஒவ்வொரு தண்டுவட நரம்புக்கும் இரண்டு வேர். பின் வேர் வழியாகத் தொடுவுணர்வும் வலியும் உள்ளே போகும், முன் வேர் வழியாகத் தசைக்கு உத்தரவு வெளியே வரும். மரத்துப்போவதையும் பலம் குறைவதையும் டாக்டர் தனித்தனியாகச் சோதிப்பது அதனால்தான்.

இந்த 31-ல் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் உடம்பில் ஒரு டோர் நம்பர் உண்டு. கையின் கட்டை விரல் கழுத்தின் ஆறாம் நரம்பு (சி6), நடுவிரல் சி7, சுண்டுவிரல் சி8. தொப்புள் நெஞ்சுப் பகுதியின் பத்தாம் நரம்பு. பாதத்தின் மேல்பக்கமும் கால் கட்டை விரலும் இடுப்பின் ஐந்தாம் நரம்பு, அதாவது எல்5. பாதத்தின் வெளி ஓரம் திரிகப் பகுதியின் முதல் நரம்பு, எஸ்1. எல்லைகள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் தள்ளிப்போகும், பக்கத்து வீட்டு நரம்பும் கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், ஆனாலும் கணக்கு பெரிதாகத் தப்பாது.

சரி, இது எதற்கு உதவும் என்று ஒரு ஆளை வைத்துச் சொல்கிறேன். ஆட்டோ ஓட்டும் ஒரு ஐயா இடுப்பு வலி என்று வந்தார். பேச்சோடு பேச்சாக, "தம்பி, இந்த இடது செருப்பு மட்டும் கால்ல நிக்க மாட்டேங்குது, படி ஏறினா கழண்டு விழுது, ரெண்டு செருப்பு மாத்திட்டேன்" என்றார். கோளாறு செருப்பில் இல்லை. குதிகாலில் நடக்கச் சொன்னேன், இடது பாதம் தொப்பென்று கீழே வந்தது. கட்டை விரலை மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி என் ஒரு விரலால் அழுத்தினேன், சுலபமாக இறங்கிவிட்டது. முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் பெரோனியல் நரம்பு அழுந்தினாலும் பாதம் இப்படித் தொங்கும், அதனால் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொன்னேன். அதிலும் பலமில்லை. உள்பக்கம் திருப்புகிற முக்கியமான தசைக்குப் பெரோனியல் போவதில்லை, வேறு நரம்பு போகிறது. அப்போ சிக்கல் முழங்காலில் இல்லை, மேலே எல்5 வேரிலேயே. உடனே டாக்டரிடம் அனுப்பினேன்.

எம்ஆர்ஐ வந்தது. அதில் இரண்டு இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருந்தது! நாலாம் ஐந்தாம் எலும்புக்கு நடுவே, எல்5 வேர் இறங்குகிற வழியில் ஒன்று, அதற்கு மேலே இன்னொன்று. மேலே இருந்தது பார்க்கப் பயமாக இருந்தாலும் அவருக்கு ஒரு தொந்தரவும் செய்யவில்லை. வயது ஏற ஏற வலியே இல்லாதவர்களுக்கும் டிஸ்க் பிதுக்கம் ஸ்கேனில் தெரியும். இரண்டில் எது குற்றவாளி என்று படம் சொல்லவில்லை, கால் கட்டை விரல் சொன்னது. உங்கள் கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் இதுதான்: ஸ்கேன் தெருவைக் காட்டும், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சோதனைதான் சொல்லும்.

வலிக்கிற இடத்திலேயே எண்ணெய் தேய்ப்பது நம் பழக்கம், ஆனால் நரம்பு விஷயத்தில் வலி ஒரு இடம், வினை ஒரு இடம். பித்தப்பை வீங்கினால் வலது தோள்பட்டை வலிக்கலாம். வீங்கிய பித்தப்பை உறுத்துவது வயிற்றுக்கு மேலே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை, அதற்குக் கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகள்தான் போகின்றன, தோளின் சேதியும் அதே வாசலுக்குத்தான் வருகிறது, மூளைக்கு ஆள் அடையாளம் குழம்பிவிடுகிறது.

இப்போது புருவம். இது என் சொந்தக் கதை. ஒரு நாள் காலை பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது ஓரமாக ஒழுகுகிறது. காபியில் ஒரு பக்கம் ருசியே இல்லை. குக்கர் விசில் அடித்ததும் இடது காதைப் பொத்திக்கொண்டேன், அவ்வளவு சத்தம். அம்மா ஒரே முடிவாக, "நேத்து பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தே இல்ல, எதிர்க்காத்து அடிச்சிருக்கு" என்றார். எனக்குப் பக்கவாதமோ என்று வயிற்றைக் கலக்கியது. படித்ததெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தால் தானே.

டாக்டர் முதலில் கேட்டது, "புருவத்தைத் தூக்குங்க." இடது நெற்றி இஸ்திரி போட்ட மாதிரி அசையாமல் இருந்தது. அதைப் பார்த்து அவர் முகம் தெளிந்தது. வாய்ப்பக்கம் போல் இல்லாமல் நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது. கரண்டில் ஒரு பேஸ் போனாலும் இன்னொரு பேஸில் ஃபேன் ஓடுகிற மாதிரி, மூளையில் ஒரு பக்கம் அடிபட்டால் வாய் கோணும், நெற்றி பொதுவாகச் சுருங்கும். நெற்றியும் சேர்ந்து செத்திருந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியே, ஏழாம் மண்டை நரம்பிலேயே. அந்த நரம்பு காதுக்குப் பின்னே ஒரு குறுகலான எலும்புச் சந்துக்குள் வருகிறது, வீங்கினால் இடம் கிடையாது, நசுங்கும். போகிற வழியில் காதுக்குள் சத்தத்தை மட்டுப்படுத்தும் ஒரு குட்டித் தசைக்கும், நாக்கின் முன் பாகத்து ருசிக்கும் கிளை விடுகிறது. குக்கரும் காபியும் ஏன் சாட்சி சொன்னன என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கே ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார். இதை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். கண் மூடாததால் சொட்டு மருந்து, ராத்திரி டேப். இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. அம்மாவுக்கு இன்னமும் ஜன்னல்தான் காரணம். ஆனால் யாரும் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள், முகம் கோணினால் உடனே 108.

நாக்கு பன்னிரண்டாம் நரம்பு. நரம்பே பழுதானால் நீட்டிய நாக்கு பழுதான பக்கமாகச் சாயும். காலுக்குப் போனவரிடம் இதை ஏன் பார்க்கிறார் என்றால், முகமும் நாக்கும் சரியாக இருந்து காலில் மட்டும் குறை என்றால் தேட வேண்டிய இடம் கழுத்துக்குக் கீழே இறங்குகிறது. நாக்கும் கோணினால் மேலே, மூளைப் பக்கம் போக வேண்டும். சில பேருக்குக் காது குடையும்போது இருமல் வருமே, அது பத்தாம் நரம்பின் வேலை. தொண்டை, நெஞ்சு, வயிறு வரை போகிற அந்த ஊர்சுற்றி நரம்பு காதுக்கும் ஒரு சின்னக் கிளை விட்டிருக்கிறது.

முகம் கோணுவதைப் போலவே இன்னொன்றுக்கும் அப்பாயின்ட்மென்ட் வாங்கக் காத்திருக்காதீர்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் நின்றாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பு அருகே முடிந்து, அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால் மாதிரி தொங்குகின்றன. அந்தக் கொத்து மொத்தமாக நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது எந்த விரல் என்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். "கை பூராவும் மரத்துப்போகுது" என்று வருபவர்களிடம் பூராவுமா என்று மறுபடி கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டுப் பல பேர் சுண்டுவிரலை மட்டும் நீட்டுகிறார்கள்.