பழைய எம்ஜிபியும் ஏற்காடு ஏத்தமும்: வீட்டிலேயே வண்டி வேலை பார்க்கிறவங்களுக்கான கேள்வி பதில்

எம்ஜிபி ரோட்ஸ்டர், 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான வண்டி. ரெண்டு சீட், மடக்குற மேல் துணி, 1798 சிசி இன்ஜின். சேலத்திலும் ஏற்காட்டிலும் இந்த மாதிரி வண்டி வச்சிருக்கிறவங்க கேட்டதுக்கெல்லாம் கீழ பதில் இருக்கு. எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு சொல்லிடறேன். பார்ட் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற பார்ட்டுக்கு விலையோட சுங்க வரியும் கட்டணும். அதை மாட்டின பிறகும் அதே கோளாறு இருந்தா மனசு விட்டுப் போயிடும். மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், அங்குல ஸ்பேனர் செட் மூணையும் முதல்ல வாங்கிடுங்க. அரை அங்குல நட்டுக்கு 13 மி.மீ. ஸ்பேனர் போட்டா 0.3 மி.மீ. லூசா இருக்கும். ரெண்டு தடவை கழட்டினாலே நட்டோட முனை உருண்டுடும்.

அஸ்தம்பட்டியிலிருந்து: அண்ணா, ஊருக்குள்ள டெம்பரேச்சர் முள் நடுவுல நிக்குது. ஏற்காடு ஏறும்போது பாதி வளைவு தாண்டுறதுக்குள்ள சிவப்பைத் தொடுது. தெர்மோஸ்டேட்டைக் கழட்டிடச் சொல்றாங்க. கழட்டிடலாமா?

வேண்டாம் தம்பி. தெர்மோஸ்டேட் இல்லாம ஓட்டினா ஏற்காட்டுக் குளிர்ல இன்ஜின் சரியா சூடே ஏறாது. ஆயில்ல ஈரம் தங்கி, ஆயில் மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி படியும். அது சரியா திறக்குதான்னு மட்டும் பாருங்க. ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு, தெர்மோஸ்டேட்டை நூல்ல கட்டித் தொங்கவிட்டு, கூடவே தெர்மாமீட்டரும் போட்டு சூடு பண்ணுங்க. 82 டிகிரின்னு போட்டிருந்தா அதை ஒட்டித் திறக்க ஆரம்பிக்கணும். நம்ம வெயிலுக்கு 74 டிகிரி தெர்மோஸ்டேட் போதும்.

ஊருக்குள்ள சரி, ஏத்தத்துல மட்டும் சூடுன்னா எனக்கு முதல் சந்தேகம் ரேடியேட்டர் மேலதான். அந்த 20 கொண்டை ஊசி வளைவும் ரெண்டாவது கியர்ல ஏறுறது. இன்ஜின் முழு பாரத்துல வேலை செய்யும், எதிர்க்காத்தோ இருக்காது. இன்ஜின் நல்லா சூடானதும் ஆஃப் பண்ணிட்டு, ரேடியேட்டர் முகத்துக்குப் பக்கத்துல புறங்கையைக் கொண்டு போய்ப் பாருங்க. எங்க ஜில்லுன்னு இருக்கோ அங்க குழாய் அடைச்சிருக்கு. பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும்தான். அதனால லாரி ரேடியேட்டர் கடையில மேல் டேங்க்கைப் பிரிச்சு, ராடு விட்டுக் குத்தி, திரும்ப ஈயம் வச்சுக் கொடுத்துடுவாங்க. சேலத்துல இந்த வேலைக்கு ஆளுக்குப் பஞ்சமில்ல. ஆசிட் மட்டும் ஊத்தி அலசித் தரேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. உப்பு பாதிதான் போகும், இருக்கிற ஈயப் பத்தும் பலவீனமாகும்.

அடுத்தது மூடி. உங்க வண்டிக்கு 10 பிஎஸ்ஐ மூடின்னா, அது அழுத்தத்தைச் சரியா பிடிக்கிற வரைக்கும் தண்ணியோட கொதிநிலை சுமார் 15 டிகிரி ஏறும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். அதனால ரப்பர் காஞ்ச மூடியோட கீழ தப்பிச்ச வண்டி மேல போய் மாட்டிக்கும்.

மூணாவது டைமிங், அதாவது பிளக் பொறி விடுற நேரம். அது தாமதமா இருந்தா சூடு முழுக்க எக்ஸாஸ்ட் பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும். டிஸ்ட்ரிபியூட்டரோட வேக்யூம் குழாயை கார்புரேட்டர் பக்கத்துல கழட்டி, வாயால உறிஞ்சி நாக்கால அடைங்க. இழுத்த அழுத்தம் நிக்கலைன்னா உள்ள டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு.

போர் தண்ணி ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க. சிஸ்டம் மொத்தம் சுமார் ஐந்தரை லிட்டர். 2 லிட்டர் கூலன்ட், மீதி டிஸ்டில்டு வாட்டர். வழியில முள் ஏற ஆரம்பிச்சா ஹீட்டர் வால்வைத் திறந்து விடுங்க. அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான்.

ஏற்காட்டிலிருந்து: சார், மேல வந்து ஏரிக்கரையில நிறுத்தி, டீ குடிச்சிட்டு வந்து செல்ஃப் அடிச்சா வண்டி எடுக்க மாட்டேங்குது. அரை மணி நேரம் ஆறினா உடனே எடுத்துடுது. பெட்ரோல் பம்பை மாத்தணுமா?

பம்ப் மேல தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. இந்த வண்டியில எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரெண்டு கார்புரேட்டரும் இன்ஜினுக்கு ஒரே பக்கம். ஓடும்போது காத்து அடிச்சு ஆத்திடும். நிறுத்தினதும் அந்த சூடு நேரா ஃப்ளோட் சேம்பருக்கு (கார்புரேட்டர்ல பெட்ரோல் நிக்கிற கிண்ணம்) ஏறி பெட்ரோல் கொதிக்கும். அது ஜெட் வழியா பொங்கி உள்ள போயிட்டா இன்ஜின் மூழ்கினது மாதிரிதான். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கிறதால சூட்டுல சீக்கிரமாவே ஆவியாகுது.

சோக் இழுக்காதீங்க. ஆக்ஸிலரேட்டரைப் பாதி அழுத்தி, அப்படியே பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிங்க. இந்த வண்டியில இருக்கிற எஸ்யூ கார்புரேட்டர்ல ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிடையாது, அதனால மிதிச்சு மிதிச்சு விடுறதுல பயனில்ல. நிரந்தரமா சரி பண்ணணும்னா கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல ஹீட் ஷீல்டு இருக்கான்னு பாருங்க. தகடு மட்டும் மிஞ்சி, மேல ஒட்டியிருந்த இன்சுலேஷன் உதிர்ந்து போயிருந்தா புதுசு ஒட்டுங்க. தடிமனான ஸ்பேசரும் அங்கேயே இருக்கணும். நிறுத்தினதும் பானெட்டைப் பத்து நிமிஷம் திறந்து வைக்கிறதும் உதவும்.

பம்பை சந்தேகப்பட்டா காதால சோதிக்கலாம். சாவியைப் போட்டதும் பின்னால டிக் டிக்னு அடிச்சு, ஃப்ளோட் சேம்பர் நிரம்பினதும் நின்னுடணும். நிக்காம அடிச்சா எங்கேயோ காத்து இழுக்குது, இல்ல ஃப்ளோட் நீடில் அடைக்கல. அடிக்கவே இல்லாம, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால லேசா தட்டினதும் அடிச்சா பம்புக்குள்ள இருக்கிற பாயிண்ட் கருகியிருக்கு. பெட்ரோல் ஹோஸை மட்டும் தள்ளிப் போடாதீங்க. எஸ்ஏஈ ஜே30 ஆர்9 னு அச்சடிச்ச ஹோஸ் கேட்டு வாங்குங்க. பழைய ரப்பர் எத்தனால்ல ஊறி உள்பக்கம் உரியும். சொட்டுற இடமோ சூடான மேனிஃபோல்டு.

சூரமங்கலத்திலிருந்து: கார்புரேட்டர் ட்யூன் பண்ணத் தெரிஞ்ச ஆள் கிடைக்கல. நானே பண்ணலாமா அண்ணா?

தாராளமா பண்ணலாம். ஆனா முதல்ல டேப்பெட், பாயிண்ட், பிளக் மூணையும் முடிச்சிட்டுத்தான் கார்புரேட்டர்ல கை வைக்கணும். டேப்பெட் இடைவெளி ஆறின இன்ஜின்ல 15 தௌ (தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு), அதாவது 0.38 மி.மீ. எந்த வால்வு முழுசா திறந்திருக்கோ அந்த எண்ணை 9-லிருந்து கழிங்க, வர்ற எண்ணைச் சரி பண்ணுங்க. 8 திறந்திருந்தா 1, 6 திறந்திருந்தா 3. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 15 தௌ, பிளக் 25 தௌ.

இப்ப கார்புரேட்டர். ஏர் ஃபில்டரைக் கழட்டி, கார்புரேட்டருக்குள்ள இருக்கிற பிஸ்டனை விரலால தூக்கி விடுங்க. தங்கு தடையில்லாம இறங்கி 'டிக்'னு உட்காரணும். உட்காரலைன்னா உள்ள அழுக்கு, இல்லைன்னா ஜெட் நடுவுல இல்ல. மேல டேம்பர்ல 20 கிரேடு ஆயில், உள்குழாயோட விளிம்புக்கு மேல 13 மி.மீ. வரைக்கும். அடியில இருக்கிற அறுகோண நட்டை மேல முழுக்க ஏத்தி, ரெண்டு சுத்து இறக்குங்க, அதாவது 12 பக்கம். ரெண்டு கார்புரேட்டருக்கும் அதே அளவு. நடுவுல இருக்கிற இணைப்பை லூசாக்கிட்டு, ஒரு ரப்பர் குழாயைக் காதுல வச்சு ரெண்டு வாய்லயும் உறிஞ்சுற சத்தத்தைக் கேளுங்க. ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பி ரெண்டையும் சமமாக்கின பிறகு இணைப்பை இறுக்குங்க.

கலவை சரியான்னு தெரிஞ்சுக்க, கார்புரேட்டர் பக்கத்துல இருக்கிற சின்ன பின்னை மேல தள்ளி, பிஸ்டனை ஒரு மி.மீட்டருக்கும் குறைவா தூக்குங்க. இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்னா பெட்ரோல் அதிகம், நட்டை மேல ஏத்துங்க. உடனே இறங்கி மூச்சு வாங்கினா குறைவு, கீழ இறக்குங்க. ஒரு நொடி லேசா ஏறிட்டு இறங்கினா சரி. ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான் திருப்பணும். சேலத்துல செட் பண்ணின வண்டி ஏற்காட்டுல கொஞ்சம் ரிச்சா ஓடும், காத்து மெலிசு. வாரக் கடைசிக்கு மட்டும் போறவங்க கை வைக்கத் தேவையில்ல.

குகையிலிருந்து: செல்ஃப் அடிக்கும்போது மெதுவா சுத்துது. புது பேட்டரி போட்டும் அப்படியேதான் இருக்கு. சோக் கேபிள் வேற சுடுது!

வயரிங் தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடி கேட்டீங்க. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல உட்கார்ந்திருக்கு. பாடிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தடிமனான எர்த் பட்டை இருக்கணும். கிளட்ச் வேலை பார்த்தவங்க அதைத் திரும்ப மாட்ட மறந்திருப்பாங்க. செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்ட் வேற வழியில்லாம சோக் கேபிள் வழியா திரும்புது. மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முனை பேட்டரியோட எர்த் முனையில, இன்னொண்ணு இன்ஜின் பிளாக்ல. செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல. புதுப் பட்டை போடுங்க, போல்ட் உட்கார்ற இடத்துல பெயின்டைச் சுரண்டிட்டுப் போடுங்க.

ஹெட்லைட் மங்கலா இருக்குன்னு கேட்ட ஓமலூர் நண்பருக்கும் இதே சோதனைதான். லைட்டைப் போட்டுட்டு விளக்கோட எர்த் வயருக்கும் பேட்டரியோட எர்த் முனைக்கும் நடுவுல அளங்க. 0.2 வோல்ட்டைத் தாண்டினா புல்லட் கனெக்டர்ல பச்சை பிடிச்சிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 1967 வரைக்கும் வந்த வண்டியில பாசிட்டிவ்தான் எர்த். எலக்ட்ரானிக் இக்னிஷனோ யூஎஸ்பி சார்ஜரோ மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் பார்க்கலைன்னா அது அந்த நொடியே போயிடும்.

அம்மாபேட்டையிலிருந்து: மலை இறங்கும்போது பாதி வழியில பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகுது. அடிவாரம் வந்து ஆறினா சரியாகிடுது. பேட் புதுசு.

இந்த நிலையில திரும்ப மலை ஏறாதீங்க. பிரேக் ஆயில் கொதிக்குது. டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி தாங்கும். காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அது 155 வரைக்கும் இறங்கலாம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்தணும். புது டப்பாவை உடைச்சு, மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து ரொம்ப தூரத்துல இருக்கிற வீல்ல தொடங்கி, சுத்தமான ஆயில் வர்ற வரைக்கும் விடுங்க. மீதி ஆயிலை அடுத்த வருஷத்துக்குன்னு எடுத்து வைக்காதீங்க.

கூடவே முன் வீலைத் தூக்கி, பிரேக் மிதிச்சு விட்டதும் கையால சுத்துங்க. சுத்தலைன்னா பிளீட் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியில விடுற திருகு) திறங்க. உடனே விட்டுடுச்சுன்னா ஹோஸ் உள்பக்கம் வீங்கி அடைச்சிருக்கு, திறந்தும் பிடிச்சே இருந்தா காலிப்பர் பிஸ்டன் துருப்பிடிச்சிருக்கு. வெளியில இருந்து பார்த்தா ஹோஸ் பளபளன்னுதான் இருக்கும். பின் டிரம்முக்கு பேக் பிளேட்டுக்குப் பின்னால சதுரத் தலை அட்ஜஸ்டர் இருக்கு. வீல் பூட்டுற வரைக்கும் திருப்பி, சுதந்திரமா சுத்துற வரைக்கும் பின்னால விடுங்க.

இறங்கும்போது ரெண்டாவது கியர். அது ஓட்டுற முறை, ரிப்பேருக்கு மாற்று இல்ல.

நாகலூரிலிருந்து: எஸ்டேட் ஷெட்ல ரொம்ப வருஷமா நின்ன வண்டி. கதவுக்குக் கீழ இருக்கிற சில் துருப்பிடிச்சு விரல் உள்ள போகுது. ஊர்ல டிங்கரிங் கடையில வெட்டி ஒட்டிடலாமா?

இதுக்கு நிதானமா பதில் சொல்லணும். மேல் கூரை இல்லாத வண்டியில பாடியோட முதுகெலும்பே அந்த சில்தான். வெளித் தகடு, நடுத் தகடு, உள் சில், அடியில காசில் ரெயில் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பெட்டி. வெளித் தகட்டுல ஓட்டை தெரிஞ்சா உள்ள இருக்கிறது பெரும்பாலும் அதை விட மோசமா இருக்கும். மேல ஒரு தகடு வச்சு, புட்டி பூசி பெயின்ட் அடிச்சுக் கொடுத்தா பார்க்க அழகா இருக்கும், வண்டி நடுவுல தொங்கும்.

வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. கதவை மூடி, பின் இடுக்கை மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளங்க. அப்புறம் முன் பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி அதே இடத்துல அளங்க. மேல் பக்கம் இடுக்கு மாறினாலோ கதவு திறக்க மறுத்தாலோ சில்லுக்கு பலம் போயிடுச்சு.

வேலை முறை: இன்ஜினும் சீட்டும் இருக்கட்டுமா எடுக்கட்டுமான்னு முதல்ல முடிவு பண்ணி, அதே எடையில கடைசி வரைக்கும் இருங்க. வண்டி ஆக்ஸில் மேல, சம தரையில நிக்கணும். ஒவ்வொரு கதவு வாய்க்கும் குறுக்கே, கீல் பக்கத் தூண்ல இருந்து லாக் பக்கத் தூணுக்கு ஒரு சதுரப் பைப்பை டாக் அடிங்க (அங்கங்க புள்ளியா வெல்டிங் வைக்கிறது). ஒரு பக்கம் முழுக்க முடிச்ச பிறகுதான் மறுபக்கத்தை வெட்டணும். சிஓ2 வெல்டிங் மட்டும். கேஸ் வெல்டிங்ல தகடு சூட்டுல நெளியும். பேட்டரியைக் கழட்டுங்க, பெட்ரோல் டேங்க்கை இறக்கி வெளியில வைங்க, கார்பெட்டை உரிச்சிடுங்க. டாக் அடிச்சதும் கதவை மாட்டி மூடிப் பாருங்க, இடுக்கு சரியா இருந்தா மட்டும் முழு வெல்டிங். முடிஞ்சதும் உள்ள மெழுகு அடிங்க. அடியில தண்ணி வடியுற ஓட்டைகளை மட்டும் அடைச்சிடாதீங்க.

அதே நண்பர்: மேல் துணி?

கடைசியா பாருங்க. பாடி நேராகாம துணி உட்காராது. ஈரமா இருக்கும்போது மடிக்காதீங்க, பின் ஜன்னல் பிளாஸ்டிக் குளிர்ல விறைச்சிருந்தாலும் மடிக்காதீங்க, மடிப்புலயே வெடிக்கும். ஏற்காடு மூடுபனியில கார்பெட் நனைஞ்சா துணியை விட, கதவுக்குள்ள வடிகால் அடைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க.

வாழப்பாடியிலிருந்து: என்கிட்ட இருக்கிறது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. முன் வீல் திரும்புற கீழ் மூட்டான ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடிக்கிறேன், சரிதானே?

இல்லைங்க. அதுக்கு ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் மறைக்குள்ள போய்ச் சேராது, தண்ணி புகுந்து இரும்பு அரிச்சு, ஒரு நாள் திருப்பத்துல வீல் மடிஞ்சு விழும். வீலைத் தூக்கி வச்சு, ஆயில் வெளியில கசியுற வரைக்கும் அழுத்தணும். எம்ஜிபிக்கு வேற மாதிரி: கிங் பின்ல ஒவ்வொரு பக்கமும் மூணு நிப்பிள், கிரீஸ், 5,000 கி.மீட்டருக்கு ஒரு தடவை.

செவ்வாய்பேட்டையிலிருந்து: ஸ்போக் வீல். கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் 'டக்'னு ஒரு சத்தம் வருது.

ஸ்ப்லைன், அதாவது வீலும் ஹப்பும் கோத்துக்கிற பல்லு, தேய்ஞ்சிருக்கும். வீலைத் தூக்கி, ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுப் பிடிக்க, நீங்க வீலை முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஹப் அசையாம வீல் மட்டும் அசைஞ்சா அதுதான். ஹப் பல்லு கூர்மையாகி இருந்தா அதுல புது வீல் போடாதீங்க, புது வீலையும் அது தின்னுடும். ரெண்டையும் சேர்த்து மாத்தணும். மாட்டும்போது ஸ்ப்லைன்லயும் கோன்லயும் கிரீஸ் தடவுங்க. நடு நட்டுக்கு இடது பக்கம் சாதா மறை, வலது பக்கம் எதிர் மறை. ஹப் பக்கம் மாறி இருந்தா ஓட ஓடத் தானே கழண்டுடும். ஸ்போக்கை ஸ்பேனரால ஒவ்வொண்ணா தட்டிட்டே வாங்க. மத்ததெல்லாம் கணீர்னு கேட்க, மந்தமா கேக்கிறது லூசு. உள்ள ட்யூப் இல்லாம ஓட்டாதீங்க.