வேலிக் குழியில் கிடைத்தது கருவியா, வெறும் கல்லா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பேர்னுக்கு வடமேற்கே, ஓடை ஒன்றை ஒட்டிச் சில ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறோம். வேலிக்குக் குழி தோண்டியபோது உள்ளங்கை அகலமுள்ள கரும்பச்சைக் கல் ஒன்றும், கூரான ஓரமுடைய வெளிர்நிறச் சில்லுகள் சிலவும் வெளிப்பட்டன. பச்சைக் கல்லின் ஒரு முனை மட்டும் வழவழப்பாக இருக்கிறது. என் மகன் அதைக் கழுவி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டான். சில்லுகள் அங்கேயே கிடக்கின்றன. பக்கத்தில் கிடந்த பழைய பாட்டிலின் தடித்த அடிப்பாகத்தைக் குப்பையோடு ஒதுக்கிவிட்டோம். இவை பூர்வகுடி மக்களின் கருவிகளா? அரசுக்குத் தெரிவித்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— வாசகர், விக்டோரியா

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் குறிப்புகளில் மிகவும் கவனத்துக்குரியது, பச்சைக் கல்லின் ஒரு முனை மட்டும் வழவழப்பாக இருக்கிறது என்பதுதான். ஓடை நீர் உருட்டித் தேய்த்த கல்லாக இருந்தால் அதன் மேடுகளும் பள்ளங்களும் எல்லாப் பக்கமும் ஒருசேர மழுங்கியிருக்கும். ஆனால் மனிதர் தீட்டிய கோடரியில், வெட்டும் முனையின் இருபுறமும் தேய்க்கப்பட்ட சரிவுகள் ஒரு விளிம்பில் வந்து சந்திக்க, மற்ற பகுதிகள் கொத்திய கரடுமுரடோடு அப்படியே விடப்பட்டிருக்கும். அறையை இருட்டாக்கி, கைவிளக்கின் ஒளி பக்கவாட்டிலிருந்து கல்லின்மீது சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். தீட்டுகல்லில் உரசியதால் உண்டான மெல்லிய இணைகோடுகள் அந்தச் சரிவில் தென்பட்டால் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும்.

உங்கள் பகுதிக்கு இது பொருந்தாத செய்தியும் அல்ல. லான்ஸ்ஃபீல்ட் ஊருக்கு அருகிலுள்ள மவுண்ட் வில்லியமில் வுருண்ட்ஜெரி என்னும் பூர்வகுடி மக்களின் புகழ்பெற்ற பச்சைக்கல் சுரங்கம் இருக்கிறது. அங்கே உடைத்துக் கொத்திய கோடரிக் கற்கள் கைமாறிக் கைமாறிப் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்தன என்பதைத் தொல்லியலாளர் இசபெல் மெக்பிரைட் தம் ஆய்வுகளில் காட்டினார். அந்த இடம் 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2012-இல் வுருண்ட்ஜெரி மக்களிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது. ஆனால் கோடரிக்கல் வெட்டிய இடம் மவுண்ட் வில்லியம் ஒன்று மட்டுமல்ல. எனவே நிறத்தை மட்டும் வைத்து உங்கள் கல்லின் ஊரைச் சொல்லிவிட முடியாது.

சில்லுகளைப் பற்றி இன்னும் நிதானமாகப் பேச வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் ஏமாறுவது இவற்றில்தான். ஒரு கல்லைச் சுத்திக்கல்லால் குறிபார்த்து அடித்துப் பெயர்த்தால், பெயர்ந்த செதிலில் அடி விழுந்த சிறு தட்டையான பரப்பு ஒரு முனையில் எஞ்சியிருக்கும். அதற்குச் சற்றுக் கீழே, உட்புறத்தில், குமிழ் போன்ற புடைப்பு ஒன்றும், அதிலிருந்து சிப்பி ஓட்டின் வரிகளைப் போல விரிந்து செல்லும் அலைகளும் காணப்படும். இவை ஒருங்கே அமைந்து, மறுபுறத்தில் முன்பே பெயர்க்கப்பட்ட செதில்களின் தழும்புகளும் இருந்தால், அது பெரும்பாலும் மனிதக் கைவேலைதான். கலப்பை இடித்த கல்லிலோ பெயர்வுகள் ஒழுங்கின்றிப் பல திசைகளிலும் இருக்கும். உடைந்த முகம் மட்டும் புது நிறமாகத் தெரியும். சில வேளை இரும்புத் துருக்கோடும் ஒட்டியிருக்கும். காட்டுத்தீயின் வெப்பத்தில் வெடித்த கல்லில் வட்டமான சிறு குழிகள் விழுந்திருக்கும். உங்கள் சில்லுகள் சில்கிரீட் எனப்படும் இறுகிய மணிக்கல்லாக இருந்தால் இந்த அடையாளங்கள் தெளிவாகத் தெரியும். வெங்கச்சங்கல்லாக (குவார்ட்ஸ்) இருந்தால், அது தாறுமாறாக நொறுங்கும் இயல்புடையது என்பதால், அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்.

ஆனால் ஒரு கல்லைவிட அது கிடந்த இடம் அதிகம் சொல்லும். ஓடைக்கரையின் ஒரே இடத்தில் கோடரியும் செதில்களும் சேர்ந்து கிடப்பது அங்கே மக்கள் தங்கி வேலை செய்ததைக் குறிக்கலாம். அதே கற்களை அலமாரியில் அடுக்கிவிட்டால் அந்தச் செய்தி அழிந்துவிடும். ஆகவே மேற்கொண்டு தோண்டாதீர்கள், சில்லுகளை எடுக்காதீர்கள். ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, கிடந்தபடியே படமெடுத்து, கைப்பேசி காட்டும் அமைவிட எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மகன் எடுத்த கல் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதை அவன் நினைவில் இருக்கும்போதே எழுதி வையுங்கள். இனி அதைக் கழுவ வேண்டாம். தாவர மாச்சத்து, பிடியை ஒட்டிய பிசின் போன்றவற்றின் எச்சம் விளிம்புகளில் இருந்தால் கழுவும்போது அது போய்விடும். எண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவது அதைவிடக் கெடுதல்.

நண்பர்களின் பயம் வீண். விக்டோரியாவின் 2006-ஆம் ஆண்டுப் பூர்வகுடி மரபுரிமைச் சட்டம், இத்தகைய பொருளையோ இடத்தையோ கண்டவர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது, சேதப்படுத்துவது குற்றம். தெரிவிப்பதால் நிலத்தின் உடைமை மாறிவிடுவதில்லை. பூர்வகுடியினரின் மரபுவழி நில உரிமையை ஏற்ற மாபோ தீர்ப்பும் 1993-ஆம் ஆண்டுப் பூர்வகுடி நில உரிமைச் சட்டமும் பலருடைய நினைவில் இங்கே குழம்பிக் கிடக்கின்றன; முழு உடைமையாக வழங்கப்பட்ட தனியார் நிலத்தில் அத்தகைய உரிமை அற்றுப்போனதாகவே ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் கொண்டிருக்கிறது. தகவல் சேரும் மாநிலப் பதிவேடும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருப்பதல்ல என்பதால், உங்கள் நிலத்துக்கு வேடிக்கை பார்க்க யாரும் வந்து நிற்க மாட்டார்கள். அந்த வட்டாரத்துக்குரிய பூர்வகுடி அமைப்பினர் வந்து பார்க்க விரும்பினால் அனுமதியுங்கள். இவை அவர்களுடைய முன்னோரின் பொருள்கள், நம்மைவிட அவர்களுக்கு இவற்றை நன்றாகப் படிக்கத் தெரியும். எலும்பு ஏதேனும் வெளிப்பட்டு அது மனித எலும்போ என்ற ஐயம் எழுந்தால் மட்டும் வேலையை உடனே நிறுத்திக் காவல்துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, அந்தப் பாட்டில் அடிப்பாகத்தைக் குப்பையிலிருந்து மீட்டுவிடுங்கள். ஐரோப்பியர் வந்த பிறகு பூர்வகுடி மக்கள் தடித்த பாட்டில் கண்ணாடியையும் கல்லைப் போலவே செதுக்கிச் சுரண்டிகளாகப் பயன்படுத்தினார்கள். அதன் விளிம்பில் ஒரே பக்கமாகச் சிறு செதுக்குகள் வரிசையாக அமைந்திருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் அரசுக்குத் தெரிவிக்கும்போது அதன் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.